ஆண்டு போடாத சென்னைத் தெரு வரைபடம்: வயதைக் கணிக்கும் முறை

கடைகளில் விற்ற சென்னைத் தெரு வரைபடங்கள் பலவற்றில் அச்சிட்ட ஆண்டு இருக்காது. மறந்துபோய் விட்டதல்ல, வியாபாரம். ஆண்டைப் போட்டுவிட்டால் மறு வருடமே சரக்கு பழசாகிவிடும். ஆனாலும் தாளில் உள்ள ரயில் பாதை, பாலம், தெருப்பெயர், விலை, எழுத்து வடிவம் ஆகியவற்றை வைத்து ஒரு வரைபடத்தை நாலைந்து ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

தொடங்குமுன் எதன் வயதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரே தாளுக்கு மூன்று வயது உண்டு: நிலத்தை அளந்த ஆண்டு, வரைந்ததைக் கடைசியாகத் திருத்திய ஆண்டு, அச்சடித்த ஆண்டு. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் ஓரத்தில் இவை தனித்தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும். தனியார் பதிப்பாளர்களோ அரசுத் தாளை அடியில் வைத்து வரைந்து, வேண்டிய பெயர்களை மட்டும் மாற்றி, அதே அச்சுத் தகட்டை வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். அதனால் ஒரே தாளில் 1940களின் தெருவும் 1970களின் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் சராசரி எடுத்து 1955 என்று சொல்வதுதான் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு.

முறை எளிது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'இதற்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது' என்று காட்டும் சான்றுகள். வலப்பக்கம் 'இதற்குப் பின்னால் அச்சாகியிருக்காது' என்று காட்டுபவை. இடப்பக்கத்தில் மிகப் பிந்திய ஆண்டும் வலப்பக்கத்தில் மிக முந்திய ஆண்டும்தான் உங்கள் எல்லைகள். இரு பக்கத்துக்கும் ஒரே எடை கிடையாது. வரைபடத்தில் ஒரு பாலம் இருந்தால் அது உறுதியான சான்று. இல்லை என்பது பலவீனமான சான்று, ஏனென்றால் புதிதாக வந்ததைச் சேர்க்க ஆர்வம் காட்டும் பதிப்பாளர், போனதை நீக்கவும் விட்டதைச் சேர்க்கவும் காசு செலவழிக்க யோசிப்பார். எனவே வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொன்றுக்கும் 'இந்த அளவு வரைபடத்தில், இந்த வாசகருக்கு, இதைக் கட்டாயம் காட்டியிருப்பார்களா?' என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். சுற்றுலாப் பயணிக்கான வரைபடம் கலங்கரை விளக்கத்தை விடாது. மாநகராட்சி வார்டு வரைபடம் விடலாம்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள அளவுகோல், ஒரு டார்ச், முடிந்தால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே அதிகம் விழுவதால் தாள் ஒளிர்கிறதா இல்லையா என்று பிரித்தறிவது கடினம். பேனாவைப் பக்கத்தில் வைக்காதீர்கள். குறிப்பெடுக்கப் பென்சில் போதும். மடிப்பு விட்டுப்போன தாளை மடித்து மடித்துப் பார்க்காமல், முதலிலேயே விரித்துப் பகுதி பகுதியாகப் படம் எடுத்துக்கொண்டு படத்தில் தேடுங்கள்.

ஓரமும் பின்பக்கமும்

நடுவிலுள்ள தெருக்களுக்குப் போவதற்கு முன் ஓரத்தை முழுக்கப் படியுங்கள். விலை, பதிப்பாளர் முகவரி, விளம்பரம், அளவுகோல் எல்லாம் அங்கேதான் இருக்கும். கடைசி நேரத்தில் சேர்ப்பவை என்பதால் அச்சிட்ட ஆண்டுக்கு மிக அருகில் நிற்பவையும் இவையே.

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முன் என்று கொள்ளலாம். அன்றுதான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. 'நயா பைசா' அல்லது 'ந.பை.' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். வெறும் பைசா என்றால் அதற்குப் பின். விலைமேல் ஒட்டிய சீட்டையும் ரப்பர் முத்திரையையும் நம்ப வேண்டாம். அவை கடைக்காரர் பழைய சரக்கை விற்ற காலத்தைச் சொல்பவை. ஆனால் சீட்டுக்கு அடியில் அச்சான விலை இருக்கும். டார்ச்சைப் பின்னாலிருந்து பிடித்தால் தெரியும்.

முகவரியில் 'சென்னை-17' என்ற மாதிரி ஓரிரு இலக்கம் இருந்தால் பழைய அஞ்சல் வட்ட எண். 'சென்னை-600 017' என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். பின்கோடு அறிமுகமான நாள் அது. ஓரிரு இலக்கம் இருப்பதை வைத்து '1972-க்கு முன்' என்று வலப்பக்கத்தில் எழுத முடியாது, ஏனென்றால் பழைய இரண்டு இலக்கத்தை லெட்டர்ஹெட்டில் இன்றும் போடுபவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி எண்ணையும் இப்படியே படியுங்கள். எட்டு இலக்கத்தில், 2-இல் தொடங்கும் தரைவழி எண் இருந்தால் 2000களுக்கு வந்துவிட்டீர்கள். ஏழு, ஆறு, ஐந்து என்று இலக்கம் குறையக் குறையக் காலம் பின்னோக்கிப் போகும். பகுதிக்குப் பகுதி வெவ்வேறு நேரத்தில் இலக்கம் மாறியதால் ஒற்றை எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லாதீர்கள். விளம்பரங்களில் உள்ள எல்லா எண்களையும் பார்த்து, மிக நீளமானதைக் கணக்கில் எடுங்கள்.

அரசின் பெயரும் பயன்படும். 'மதராஸ் மாகாணம்' என்றால் 1950 ஜனவரிக்கு முன். 'மதராஸ் மாநிலம்' அல்லது 'ராஜ்யம்' என்றால் 1950 முதல் 1969 ஜனவரி வரை. 'தமிழ்நாடு அரசு' என்றால் 1969 ஜனவரி 14-க்குப் பின். ஊர்ப்பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் 'சென்னை' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிந்தியது. தமிழ் எழுத்தில் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது; தமிழில் அந்தப் பெயர் நெடுங்காலமாகவே வழங்குகிறது.

மாநகராட்சி வார்டு காட்டும் வரைபடமாக இருந்தால் வேலை சுலபம். 155 வார்டு, 174 சதுர கிலோமீட்டர் என்றால் 2011-க்கு முன். 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர் என்றால் 2011 விரிவாக்கத்துக்குப் பின். ஓரத்தில் 'செங்கல்பட்டு மாவட்டம்' என்றிருந்தால் கவனம்: 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது, 2019-இல் செங்கல்பட்டு என்ற பெயரிலேயே மாவட்டம் மறுபடியும் வந்தது.

அளவுகோலைக் கணக்கிடுதல்

அளவுகோலில் மைலும் ஃபர்லாங்கும் மட்டும் இருந்தால் அடித்தளம் (அடியில் வைத்து வரைந்த பழைய தாள்) 1960களின் தொடக்கத்துக்கு முன் அளந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மெட்ரிக் முறைச் சட்டம் 1956-இல் வந்து, நடைமுறை சில ஆண்டுகளில் பரவியது. அளவுகோலே இல்லாத தாளில் நீங்களே கண்டுபிடிக்கலாம். இடம் மாறாத இரண்டு புள்ளிகளை எடுங்கள்: மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கோபுரம், சாந்தோம் தேவாலயம், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில், கோட்டையில் 1680-இல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயம் போன்றவை. கைப்பேசி வரைபடத்தில் அவற்றுக்கு இடையே நேர்கோட்டுத் தொலைவை அளந்து, தாளில் உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள்.

2 கிலோமீட்டர் தாளில் 25.25 சென்டிமீட்டர் வந்தால் அளவு 1:7,920, அதாவது மைலுக்கு எட்டு அங்குலம். 12.6 சென்டிமீட்டர் வந்தால் மைலுக்கு நான்கு அங்குலம். சரியாக 10 சென்டிமீட்டர் வந்தால் 1:20,000, மெட்ரிக் காலத்து வேலை. இரண்டு கணக்கிலும் அடங்காமல் 1:9,140 என்பது போல் வந்தால் யாரோ பெரிய தாளைப் புகைப்படமாகச் சுருக்கிப் பக்க அளவுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படிச் சுருக்கியதில் சின்ன எழுத்துகளின் வயிற்றுப் பகுதி மையில் அடைந்திருக்கும். லென்ஸில் உடனே தெரியும். தாள் ஈரத்தில் நீண்டு சுருங்கும் என்பதால், குறுக்கே ஒரு முறையும் நெடுக்கே ஒரு முறையும் அளந்து பாருங்கள்.

தண்ணீரும் தண்டவாளமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்துக்குக் கட்டடங்களைவிட நீர்நிலைகள் நம்பகமானவை. கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த இணைப்பு 1877–78 பஞ்சகால வேலையாக வெட்டப்பட்டது. பக்கிங்காம் என்ற பெயரும் அப்போதைய ஆளுநரால் வந்தது. நகரத்துக்கு வடக்கே கால்வாய் இருந்து நடுவில் இல்லையென்றால் அடித்தளம் அதற்கு முந்தியது.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடக்கும் பெரிய ஏரி அடுத்த அடையாளம். அது நிறைந்த ஏரியாக இருந்தால் 1923-க்கு முன் அளந்தது. ஏரியை வற்ற வைத்துத்தான் 1923–25-இல் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் வந்தது. பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்கள் விரியும் தியாகராய நகர் அதுதான். ஏரி பாதி, மனைக்கோடு பாதி என்று இருந்தால் 1920களின் நடுப்பகுதி என்று தைரியமாகச் சொல்லலாம்.

துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயலில் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நுழைவாயில் முதலில் நேர் கிழக்கே இருந்தது. பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத் தலைவராக இருந்த 1904–1919 காலத்தில்தான் அதை மூடி வடகிழக்கில் திறந்தார்கள். ஆகவே வாயில் எந்தப் பக்கம் என்பதே ஒரு தேதி. தெற்கே ஜவகர் கப்பல்துறை இருந்தால் 1964-க்குப் பின், வடக்கே எண்ணெய்க் கப்பல்களுக்கான பாரதி கப்பல்துறை இருந்தால் 1972-க்குப் பின். துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினாவில் கரை அகன்றுகொண்டே வந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. சாலைக்கும் அலைக்கும் இடையில் மெல்லிய பட்டை மட்டும் இருந்தால் பழைய அளவை என்று ஊகிக்கலாம். ஊகம் மட்டுமே, தெரு வரைபடக்காரர்கள் கடற்கரையை அளந்து வரைவதில்லை.

ரயிலில் நிறுவனப் பெயர்தான் முதலில் பார்க்க வேண்டியது. 'மெட்ராஸ் ரயில்வே' என்றால் 1908-க்கு முன். 'மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே' என்றால் 1908 முதல் 1951 வரை. எழும்பூர்ப் பக்கப் பாதையில் 'சவுத் இந்தியன் ரயில்வே' என்றிருந்தால் 1874-க்கும் 1951-க்கும் இடையில். 'சதர்ன் ரயில்வே' அல்லது 'தெற்கு ரயில்வே' என்றால் 1951 ஏப்ரலுக்குப் பின். நிலையங்களில் ராயபுரம் 1856, சென்ட்ரல் 1873, எழும்பூரின் இப்போதைய கட்டடம் 1908. பறக்கும் ரயில் சேப்பாக்கத்தோடு நின்றால் 1995–97, மயிலாப்பூரோடு நின்றால் 1997-க்கும் 2004-க்கும் இடையில், வேளச்சேரி வரை போனால் 2007-க்குப் பின். மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015 ஜூன் 29, கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரயிலையும் மேம்பாலத்தையும் திறப்பதற்குப் பல ஆண்டு முன்பே வரைபடத்தில் போடுவது வழக்கம். கோடு விட்டுவிட்டு இருக்கிறதா, பக்கத்தில் 'திட்டம்' என்று சிறிய எழுத்து இருக்கிறதா, நிலையங்களுக்குப் பெயர் உண்டா, வெறும் புள்ளியா என்று பாருங்கள். திட்டத்தில் இருந்த பெயருக்கும் திறந்தபோது வைத்த பெயருக்கும் வித்தியாசம் இருந்தால், பழைய பெயர் உள்ள வரைபடம் திறப்புக்கு முந்தியது.

டிராம் பாதை எதிர்த்திசையில் ஏமாற்றும். சென்னையில் மின்சார டிராம் 1895 மே மாதம் ஓடத் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்றது. டிராம் இருப்பதால் 1895-க்குப் பின் என்பது உறுதி. 1953-க்கு முன் என்பது உறுதியல்ல. நின்றுபோன பாதையைத் தகட்டிலிருந்து சுரண்டி எடுக்க யாரும் அவசரப்படவில்லை.

கலங்கரை விளக்கம் நான்கு இடங்களில்

கட்டடங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். சென்னையில் அது நாலு இடத்தில் இருந்திருக்கிறது. 1796 முதல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகம் உள்ள கட்டடத்தின் உச்சியில். 1844 முதல், பிறகு உயர்நீதிமன்ற வளாகமான இடத்தில் தனித்து நிற்கும் கல்தூண். 1894 முதல் உயர்நீதிமன்றத்தின் உயரமான கோபுரம். 1977 முதல் மெரினாவின் தென்கோடியில் இப்போதுள்ளது. சின்ன அளவு வரைபடத்தில் தூணும் கோபுரமும் ஒரே புள்ளியாகத் தெரியும். அப்போது நீதிமன்றம் இருக்கிறதா என்று பாருங்கள், அது 1892-இல் கட்டி முடிந்தது.

மற்றவற்றை வேகமாகச் சரிபார்க்கலாம். மாநிலக் கல்லூரி கடற்கரையில் 1870, கன்னிமாரா நூலகம் 1896, ரிப்பன் மாளிகை 1913, மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1959, கிண்டியில் ஐ.ஐ.டி. 1959, ஜெமினி மேம்பாலம் 1973, வள்ளுவர் கோட்டம் 1976, கோயம்பேடு பேருந்து நிலையம் 2002, கத்திப்பாரா மேம்பாலம் 2008, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 இறுதி. மறைந்தவையும் உதவும்: மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது, உயிரியல் பூங்கா அதே ஆண்டு பார்க் டவுனிலிருந்து வண்டலூருக்குப் போனது, மத்தியச் சிறை 2006-இல் புழலுக்கு மாறியது. ஸ்பென்சர் அருகே 'நீல் சிலை' என்று போட்டிருந்தால் அடித்தளம் 1937-க்கு முந்தியது; அந்த ஆண்டில்தான் சிலையை அங்கிருந்து அகற்றினார்கள். மெரினாவில் சிலைகளுக்கெல்லாம் பெயர் போட்டு, கண்ணகி சிலையை மட்டும் விட்டிருந்தால் 2001 டிசம்பருக்கும் 2006 ஜூனுக்கும் இடைப்பட்ட அச்சா என்று யோசியுங்கள். அந்த இடைவெளியில்தான் சிலை அங்கே இல்லை.

தெருப்பெயர்கள்

இது பெரிய சுரங்கம், வழுக்கும் இடமும்கூட. ஒரு சாலைக்குத் தலைவர் பெயர் வைப்பது பெரும்பாலும் அவர் மறைந்த பின்புதான். அரசாணையின் தேதி கையில் இல்லாதபோது மறைந்த நாளைக் கீழ் எல்லையாக, அதாவது இடப்பக்கச் சான்றாகக் கொள்ளலாம். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது 1969 பிப்ரவரிக்குப் பின். வடக்குக் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலை ஆனது 1972 டிசம்பருக்குப் பின். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெரியார் பெயர் வந்தது 1973 டிசம்பருக்குப் பின். மெரினாவை ஒட்டிய சாலை காமராசர் சாலை ஆனது 1975 அக்டோபருக்குப் பின். மவ்பரீஸ் சாலை டி.டி.கே. சாலையாக இருந்தால் 1974-க்குப் பின். இந்த ஐந்தையும் வரிசையாகச் சரிபார்த்தாலே 1970களின் வரைபடம் எந்தப் பாதியில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

விதிவிலக்கை நினைவில் வையுங்கள். பனகல் அரசர் 1928-இல்தான் மறைந்தார். பூங்கா அதற்கு முன்பே அவர் பெயரில் இருந்தது. உயிரோடிருப்பவர் பெயரை வைத்த நகர்களும் பூங்காக்களும் ஊர் முழுக்க உண்டு. மறைந்த நாள் விதியைப் பெயர் மாறிய பழைய சாலைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். புதிதாக உருவான குடியிருப்புகளுக்கு வேண்டாம். அவற்றுக்குக் குடியிருப்பு எப்போது எழுந்தது என்பதே கேள்வி. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: பாரதி மறைந்தது 1921-இல், பைகிராப்ட்ஸ் சாலை பாரதி சாலை ஆனது பல பத்தாண்டு கழித்து. அங்கே மறைந்த நாள் பொய்யில்லை, பயனும் இல்லை.

பழைய பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது. இன்று பேருந்தில் ஏறி லாயிட்ஸ் ரோடு என்று கேட்டாலும் இறக்கிவிடுவார்கள். பதிப்பாளரும் வாங்குபவர் வாயில் வரும் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார். புதுப் பெயர் பெரிய எழுத்திலும் பழையது அடைப்புக்குறிக்குள்ளும் இருந்தால் மாற்றம் நடந்து சில ஆண்டு ஆகியிருக்கும். பழையது பெரிதாக, புதியது ஓரத்தில் வேறு எழுத்துருவில் நெருக்கி ஒட்டியிருந்தால் மாறிய கையோடு தகட்டில் செருகியது. பெயரின் எழுத்துரு மற்றத் தெருக்களோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் பார்ப்பது இதற்காகத்தான். கடைசித் திருத்தம் எது என்பதை இந்தச் செருகல்களே சொல்லும்.

இன்னும் இரண்டு. 'பிளாக் டவுன்' என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அரசுத் தாளில் பழைய பெயர் இருந்தால் 1911-க்கு முந்தியது என்று கொள்ளலாம். 1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை நீக்க அரசு ஆணையிட்டது. ஜி.என். செட்டி சாலை வெறும் ஜி.என். சாலையாக, டாக்டர் நாயர் சாலை வெறும் டாக்டர் சாலையாக இருந்தால் அதற்குப் பிந்திய தாள். ஒட்டு இருந்தால் முந்தியது என்று சொல்ல முடியாது; பல தெருக்களில் அது திரும்பி வந்துவிட்டது.

எழுத்தே தேதி சொல்லும் இடம்

தமிழில் அச்சான வரைபடத்துக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் இப்போதுள்ள ஐகாரக் குறி தனியாக நிற்காது. யானைத் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சேர்ந்து சுழித்திருக்கும்.

தெரு வரைபடத்தில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. தலைப்பிலுள்ள 'சென்னை'யிலேயே னை இருக்கிறது. 'சாலை' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் லை இருக்கிறது. 'அண்ணா சாலை'யில் ணா, லை இரண்டுமே இருக்கின்றன. பழைய வடிவ எழுத்தில் 'அண்ணா சாலை' என்று அச்சிட்ட தாள் 1969-க்குப் பின், சீர்திருத்தம் அச்சகங்களில் பரவி முடிவதற்குள் என்ற குறுகிய இடைவெளியில் வந்துவிடுகிறது.

ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் ஈய எழுத்தை உருக்கிவிடவில்லை. வாங்கி வைத்த எழுத்து தேயும் வரை ஓட்டினார்கள். ஆகவே பழைய வடிவம் இருப்பது 1978-க்கு முன் என்பதற்கு உறுதியில்லை, 1980களின் நடுப்பகுதி வரை இடம் கொடுங்கள். புதிய வடிவம் இருந்தால் 1978-க்குப் பின் என்பது கிட்டத்தட்ட உறுதி. பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் இந்த வடிவத்தைப் பயன்படுத்தியதால் திராவிடர் கழக அச்சகத் தாள் என்றால் மட்டும் இந்தச் சான்றை ஒதுக்குங்கள். பழையதும் புதியதும் ஒரே தாளில் கலந்திருந்தால் அது பிழையல்ல, பரிசு: பழைய வடிவத்தில் உள்ளவை பழைய தகடு, புதிய வடிவத்தில் உள்ளவை பிறகு செருகியவை. இரண்டையும் இரு வண்ணத்தில் குறித்துப் பார்த்தால் திருத்தத்தின் வரலாறே வெளியில் வந்துவிடும்.

தாளும் மையும்

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், தாள் சொல்வது அகலமான காலம் மட்டுமே. ஆனால் போலியைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழியில்லை. இருட்டறையில் புற ஊதா ஒளியைக் காட்டுங்கள். தாள் நீலவெண்மையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்ந்த தாள். சுமார் 1950-க்குப் பின்தான் அது தாளில் பரவலாயிற்று. மங்கலாக இருந்தால் முடிவு எதுவும் இல்லை, இன்றும் அந்த வேதிப்பொருள் இல்லாத தாள் கிடைக்கிறது. துணி ஒட்டிய தாளில் துணியின் ஒளிர்வைத் தாளினுடையது என்று எடுத்துவிடாதீர்கள்.

அடுத்து லென்ஸ். பழைய கல்லச்சிலும் தகட்டச்சிலும் ஒவ்வொரு நிறமும் தனி மை. தெருக்கோடு கெட்டியான கறுப்பாகவும், ஏரியின் நீலம் மெல்லிய கோடுகளாகவோ சீரான பூச்சாகவோ இருக்கும். நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்பது பிற்காலத்து ஆப்செட். கறுப்புக் கோடும் எழுத்தும்கூடப் பல வண்ணப் புள்ளிகளால் ஆகியிருந்தால் அது பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்ட நகல். மடிப்பின் அழுக்கும் கரையான் தின்ற ஓட்டையின் நிழலும் புள்ளிகளாக அச்சாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம், கொடுக்கும் காசை நகலுக்கு உரிய அளவில் பேசுங்கள். வரைபடத்தின் உள்ளடக்கம் 1890 என்று சொல்வதற்கும் தாள் 1990 என்று சொல்வதற்கும் முரண்பாடு இல்லை. முன்பு சொன்ன மூன்று வயதில் இரண்டு அவை.

சேர்த்துப் பார்த்தல்

ஒரு தாளைக் கற்பனை செய்வோம். தமிழில் அச்சானது, விலை 3 ரூபாய் 50 பைசா, பதிப்பாளர் முகவரி 'சென்னை-600 001'. தலைப்பில் பழைய வடிவ னை. ஜெமினி மேம்பாலம் முழுக்கோட்டில் இருக்கிறது. ராஜாஜி சாலை இருக்கிறது. கடற்கரைச் சாலைக்குக் காமராசர் பெயர் வரவில்லை. கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றத்தில். வள்ளுவர் கோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஏரி. மவுண்ட் ரோட்டில் டிராம் பாதை.

இடப்பக்கம்: பின்கோடு 1972 ஆகஸ்ட், ராஜாஜி சாலை 1972 டிசம்பர், மேம்பாலம் 1973 ஜூலை. மிகப் பிந்தியது மேம்பாலம். வலப்பக்கம்: கலங்கரை விளக்கம் 1977, வள்ளுவர் கோட்டம் 1976, காமராசர் பெயர் இல்லாதது 1975-க்குச் சற்றுப் பின் வரை, எழுத்து வடிவம் 1980களின் நடு வரை. எல்லாமே பலவீனமானவை என்றாலும் மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே கடைசித் திருத்தம் 1973–76. டிராம் பாதை இந்தக் கணக்கைக் கெடுக்கவில்லை; அடித்தளம் 1953-க்கு முந்திய தாள் என்று தனியாகச் சொல்கிறது. ஏரியும் அந்த அடித்தளத்திலிருந்தே வந்திருக்கலாம் என்பதால் வள்ளுவர் கோட்டத்தின் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு சான்று இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் கணிப்பு உறுதியாகத் தோன்றும், உறுதியாக இருக்காது.

ஒரே ஒரு சான்று மட்டும் மற்ற எல்லாவற்றோடும் முட்டினால், முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள்: மடிப்பில் அழிந்த எழுத்து, பிறகு யாரோ பேனாவில் சேர்த்தது, மேலே ஒட்டிய சீட்டு. அதன்பிறகும் முட்டினால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ தேதியுள்ள வரைபடத்தை எடுத்து, ஒரே பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். முழு ஊரையும் ஒப்பிடப் போனால் நாள் போய்விடும். தியாகராய நகரோ அடையாறு கரையோ போல, தேடும் காலத்தில் வேகமாக மாறிய பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஜார்ஜ் டவுனின் சந்துகள் நூறு ஆண்டாக அப்படியே கிடப்பதால் அங்கே ஒப்பிட்டுப் பயனில்லை.

கணிப்பைத் தாளின் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஒற்றை ஆண்டு எழுத வேண்டாம். 'அடித்தளம் 1953-க்கு முன், திருத்தம் 1973–76, ஜெமினி மேம்பாலம், காமராசர் சாலை, கலங்கரை விளக்கம் கொண்டு' என்று காரணத்தோடு எழுதினால், அடுத்து வாங்குபவர் இன்னொரு சான்றைக் கண்டு எல்லையைக் குறுக்க முடியும்.